பழைய ஸ்போர்ட்ஸ் கார், பழைய குட்டி விமானம்: மலிவாக வாங்க நினைப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் இருப்பது அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில். வீட்டு வாசலில் 1978 எம்ஜிபி என்ற இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நிற்கிறது. பக்கத்து ஊர் சின்ன ஏர்போர்ட்டில் 1966 செஸ்னா 150 ஒன்று இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு என்னுடையது. பொங்கல் விழா, பிறந்தநாள் விருந்து என்று எங்கே போனாலும் சாப்பாட்டுத் தட்டோடு யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அதே பத்துப் பதினைந்து கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். விலையும் சட்டமும் அமெரிக்காவுக்கானவை.

அண்ணா, நிஜமாவே ஒரு விமானத்தைக் கார் விலைக்கு வாங்க முடியுமா?

முடியும். செஸ்னா 150 என்ற இரண்டு இருக்கை விமானத்தை 1958 முதல் 1977 வரை ஏறக்குறைய 24,000 செய்து தள்ளினார்கள். இன்றும் ஏராளமானவை பறக்கின்றன. நல்ல நிலையில் உள்ள ஒன்று புதிய டொயோட்டா கேம்ரி கார் ஒன்றின் விலைக்குள் கிடைக்கும். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, திரும்பி வரும் வீரர்கள் எல்லோரும் விமானம் வாங்குவார்கள் என்று நம்பி 1946-இல் மட்டும் 30,000-க்கும் மேல் சிறு விமானங்களைச் செய்தார்கள். நினைத்தபடி யாரும் வாங்கவில்லை. அந்தக் காலத்து ஏரோன்கா சாம்ப், எர்கூப், செஸ்னா 140 எல்லாம் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

ஒரு விஷயம். செஸ்னா 150 தூக்கக்கூடிய எடை, பெட்ரோலையும் சேர்த்து, சுமார் 500 பவுண்டு. 180 பவுண்டு ஆட்கள் இருவர் ஏறி, டேங்கையும் நிரப்பினால் எல்லை வந்துவிடும். குடும்பத்தோடு நயாகரா போகலாம் என்று கனவு கண்டால் இது அந்த விமானம் இல்லை.

இவ்வளவு சீப்பா ஏன் விக்கறாங்க? ஏதோ கோளாறு இருக்குன்னுதானே அர்த்தம்?

மலிவில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மவுசு இல்லாததால் மலிவு. எம்ஜிபியையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க பம்பர் விதிகளுக்காக 1974 கடைசியிலிருந்து குரோம் பம்பரை எடுத்துவிட்டுக் கறுப்பு ரப்பர் பம்பர் வைத்தார்கள். காரின் உயரத்தையும் கூட்டினார்கள். ரசிகர்களுக்கு அது பிடிக்கவில்லை. அதனால் ரப்பர் பம்பர் வண்டி இன்றும் குரோம் வண்டியைவிடக் கணிசமாக விலை குறைவு. என் வண்டி அந்த ரகம்தான். அடியில் அதே 1,798 சிசி எஞ்சின். இந்த மலிவு நமக்கு லாபம்.

இன்னொன்று, யாரோ தள்ளிப்போட்ட வேலையால் வரும் மலிவு. பெல்ட் மாற்றாமல் விட்டது, துருவை வெட்டி ஒட்டாமல் பூசி மறைத்தது, எஞ்சினைப் பிரிக்க வேண்டிய நேரத்தில் விற்க முடிவெடுத்தது. அந்தச் செலவு எங்கும் போகவில்லை, உங்கள் தலையில் இறங்கக் காத்திருக்கிறது. விலையைப் பார்த்ததும் நான் கேட்கும் ஒரே கேள்வி: இவர் எந்த வேலையைத் தள்ளிப்போட்டிருக்கிறார்? பதில் தெரிந்தால் பேரம் பேசலாம். தெரியாதவரை வாங்குவதில்லை.

முதல் தடவை வாங்கறேன். ஒரே ஒரு கார் பேர் சொல்லுங்க.

மாஸ்டா மியாட்டா, முதல் தலைமுறை, 1990 முதல் 1997 மாடல் வரை. எஞ்சினுக்குள் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வு வளையாது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் புது பெல்ட் போட்டால் ஓடும். ஆனால் 1990, 1991 தொடக்க வண்டிகளில் எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்டின் முன் நுனி, அதாவது மூக்கு, குட்டையானது. அதில் முன்பக்க புல்லி ஆடி ஆடி, அதைத் தண்டோடு பூட்டும் சாவிப்பள்ளம் தேய்ந்துவிடும். முன்பக்க புல்லியில் உள்ள பிளவுகளை எண்ணுங்கள். நான்கு என்றால் குட்டை மூக்கு, எட்டு என்றால் பிரச்சினை இல்லை.

"அது கிளாசிக் மாதிரியே தெரியலையே" என்பவர்கள் அடுத்த பதிலுக்கு வாருங்கள்.

எம்ஜிபி, ஸ்பிட்ஃபயர் மாதிரி இங்கிலீஷ் காரெல்லாம் பார்க்கப் போனா எங்கே பார்க்கணும்?

எஞ்சினைக் கடைசியில் பாருங்கள். எம்ஜிபி எஞ்சினுக்குச் சாமான் எல்லாம் புதிதாகவே கிடைக்கிறது, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பூட்டலாம். வண்டியைக் கொல்வது துரு. எம்ஜிபிக்குத் தனி சேஸி கிடையாது, திறந்த வண்டிக்கு மேலே கூரையும் கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற பெட்டிபோன்ற தகடுதான் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அது அரித்துப்போனால் வண்டி நடுவில் தொய்யும். கதவை மூடிவிட்டு, கதவுக்கும் பின் பாடிக்கும் இடையில் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். கீழே விரல் நுழைந்து மேலே நகம்கூட நுழையவில்லை என்றால் வண்டி தொய்ந்திருக்கிறது. ஜாக்கி போட்டுத் தூக்கியபின் கதவு சிக்கினாலும் அதே கதைதான். சில்லின் மேல் புத்தம் புதிதாகத் தார்போல் கறுப்பு பூசியிருந்தால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை ஒரு மெல்லிய துணியில் சுற்றி ஓரங்களில் நகர்த்துங்கள். பிடிக்காமல் வழுக்கும் இடத்தில் தகடு இல்லை, பூச்சு மாவுதான் இருக்கிறது.

ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயருக்கு அடியில் தனி சேஸி உண்டு. அது ட்ரயம்ஃப் ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கிச் செய்தது. அந்த ஹெரால்டைத்தான் சென்னைக்குப் பக்கத்தில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் செய்தார்கள். தாத்தா வீட்டில் ஹெரால்ட் இருந்த நண்பர் ஒருவர் ஸ்பிட்ஃபயரின் பானட் முழுதாக முன்பக்கம் கவிழ்வதைப் பார்த்ததும் சின்னப் பையனாகிவிட்டார். அந்த பானட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, எஞ்சினை அணைத்த நிலையில், ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் முன்பக்க புல்லியையே பாருங்கள். மிதிக்கும்போது புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் நகர்ந்தால் உள்ளே கிராங்க் ஷாஃப்ட் முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்து போயிருக்கிறது. சில சமயம் கழன்று ஆயில் சம்பிலேயே கிடக்கும். அந்த எஞ்சினை விலையில் சேர்க்காதீர்கள்.

போர்ஷே 944 ஒண்ணு ரொம்ப கம்மி விலைக்கு வந்திருக்கு. விடலாமா?

944 ஓட்டுவதற்கு அருமையான வண்டி. எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால், எடை சமமாகப் பிரிந்திருக்கும். ஆனால் மியாட்டாவுக்கு நேர் எதிர்: டைமிங் பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி, ஒரு நொடியில் சிலிண்டர் ஹெட் வேலை. கூடவே அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுக்கு இன்னொரு பெல்ட். எத்தனை மைல் ஓடியது என்பதோடு எத்தனை வருடம் ஆனது என்பதும் கணக்கு. பில் காட்டாமல் வாயால் "மாத்திட்டோம்" என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கிளட்சுக்குப் பாகம் சின்னது, கூலி பெரியது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் நீளக் குழாயைப் பின்னுக்குத் தள்ளாமல் கிளட்சைத் தொட முடியாது. பில் கட்டு இருக்கும் 944-க்கு அதிக விலை கொடுங்கள், பில் இல்லாததை விட்டுவிடுங்கள்.

"நிறுத்தும்போது நல்லாத்தான் ஓடுச்சு"ன்னு விளம்பரத்துல போட்டிருக்கு. நம்பலாமா?

அதில் பொய் இருக்காது. டைட்டானிக்கும் கிளம்பும்போது நன்றாகத்தான் ஓடியது. நிறுத்தியது எப்போது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

என் முதல் வண்டி அப்படி வாங்கியது. கொட்டகையில் ஒன்பது வருடம் நின்றது. போட்டோவில் ஜம்மென்று இருந்தது. நேரில் போகாமல் பணம் அனுப்பிவிட்டேன். வந்து இறங்கியதும் டேங்கைத் திறந்தேன், வார்னிஷ் வாசனை. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து டேங்கின் அடியைத் துருப்பிடிக்க வைத்திருந்தது. பிரேக் காலிப்பர் நான்கில் மூன்று நகரவில்லை. ஹீட்டரைப் போட்டால் எலிக்கூட்டின் பஞ்சு முகத்தில் பறந்தது. டயரில் பள்ளம் புதிதுபோல் இருந்தது. பக்கவாட்டில் கடைசி நான்கு எண்களைப் பார்த்தால் 0903. அதாவது 2003-ஆம் வருடம் ஒன்பதாவது வாரம் செய்த டயர். அத்தனையையும் சரிசெய்து முடித்தபோது வாங்கின விலைக்கு மேலேயே போயிருந்தது.

கார் பேப்பர்ல என்ன பார்க்கணும்?

டைட்டில் என்ற உரிமைப் பத்திரம் விற்பவர் பெயரிலேயே இருக்க வேண்டும். வண்டியில் பதித்த எண்ணும் அதில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரிதாகச் சேதமான வண்டி என்று காட்டும் சால்வேஜ் முத்திரை, கடன் பாக்கி இரண்டும் இருக்கக் கூடாது. "டைட்டில் தொலைஞ்சுபோச்சு, வெர்மான்ட்ல போட்டு வாங்கிக்கலாம்" என்பவர்களிடம் டைட்டில் இல்லாத பழைய வண்டியையும் பதிய விட்ட அந்த வெர்மான்ட் மாநில வழியை 2023-இல் இறுக்கிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு நகருங்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் 1975 அல்லது அதற்கு முந்திய மாடல் வாங்கினால் புகைப் பரிசோதனை கிடையாது. 1976 என்றால் உண்டு.

விமானத்துக்கு வருவோம். எனக்கு லைசென்ஸே இல்ல. வாங்கி அதுலேயே கத்துக்கலாமா?

தாராளமாக. செஸ்னா 150 பிறந்ததே அதற்குத்தான். பிரைவேட் பைலட் லைசென்ஸுக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், பெரும்பாலோருக்கு 60, 70 ஆகிவிடும். ஸ்போர்ட் பைலட் என்ற எளிய லைசென்ஸ் என்றால் குறைந்தது 20 மணி நேரம். டிரைவிங் லைசென்ஸே மருத்துவச் சான்று இடத்தில் செல்லும். முன்பு ஸ்போர்ட் பைலட்டுகள் 1,320 பவுண்டுக்கு உட்பட்ட விமானத்தைத்தான் ஓட்டலாம் என்று இருந்தது. அதனால் 1,600 பவுண்டு செஸ்னா 150 கைக்கெட்டாமல் இருந்தது. 2025 அக்டோபர் 22 முதல் எடைக்கணக்கை எடுத்துவிட்டு, விமானம் எவ்வளவு மெதுவாகப் பறக்க முடியும் என்பதை அளவுகோலாக்கிவிட்டார்கள். செஸ்னா 150 இப்போது அதற்குள் வருகிறது.

அமெரிக்கக் குடிமகன் இல்லாதவர்கள் பயிற்சி தொடங்கும் முன் டிஎஸ்ஏ (போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை) அனுமதி வாங்க வேண்டும். கிரீன் கார்டு இருந்தாலும் வேண்டும்.

நான் ஹெச்-1பி. என் பேர்ல விமானம் வாங்கலாமா?

காசு கொடுத்து வாங்கலாம், உங்கள் பெயரில் பதிய முடியாது. எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) பதிவேட்டில் தனிநபராகப் பெயர் ஏற, குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். இதைப் பலர் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். கூட்டாக வாங்கினாலும் பெயர் போடும் ஒவ்வொருவருக்கும் இந்தத் தகுதி வேண்டும். மூவரில் ஒருவர் ஹெச்-1பி என்றால் மொத்தப் பதிவும் செல்லாது.

அமெரிக்கக் குடிமகனை டிரஸ்டியாக வைத்து டிரஸ்ட் பெயரில் பதிவது ஒரு வழி. வருடா வருடம் கட்டணம் உண்டு. முப்பதாயிரம் டாலர் விமானத்துக்கு அது கட்டுப்படியாகுமா என்று எனக்குச் சந்தேகம்தான். கிரீன் கார்டு வரும்வரை ஃப்ளையிங் கிளப்பில் வாடகைக்கு எடுத்துப் பறப்பதே மேல்.

லாக் புக், லாக் புக்னு எல்லாரும் சொல்றாங்களே, அதுல அப்படி என்ன இருக்கு?

விமானத்தின் ஜாதகம். உடலுக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, முன்னால் சுழலும் விசிறிக்கு (புரொப்பெல்லர்) ஒன்று. என்ன வேலை, எந்தத் தேதி, எத்தனை மணி ஓடியபோது, யார் கையெழுத்து என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரு புத்தகம் தொலைந்திருந்தாலே விமானத்தின் விலை இறங்கிவிடும்.

நாங்கள் பார்க்கப் போன பைப்பர் செரோக்கி ஒன்றின் எஞ்சின் புத்தகத்தை ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாசலில் உட்கார்ந்து புரட்டினோம். பக்கம் பக்கமாக ஆண்டுப் பரிசோதனைக் கையெழுத்து. ஆறு வருடக் கையெழுத்துகளுக்கு நடுவே ஓடிய மணி மொத்தம் பதினொன்று. சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் அந்த லைகமிங் எஞ்சினில் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் மேலே இருக்கிறது; நிறுத்தினால் எண்ணெய் முழுதும் கீழே வடிந்துவிடும். மாதக்கணக்கில் பறக்காமல் நின்றால் முதலில் துரு ஏறுவது அதில்தான். திறந்து பார்க்காமல் வெளியே தெரியாது. செஸ்னா 150-இன் கான்டினென்டல் எஞ்சினில் கேம் கீழே இருப்பதால் இந்த விஷயத்தில் கொஞ்சம் தப்பித்தது.

ஏடி என்று ஒன்று உண்டு: பாதுகாப்புக் குறைகளுக்கு எஃப்ஏஏ போடும் கட்டாய உத்தரவு. ஒவ்வொன்றும் எப்போது நிறைவேற்றப்பட்டது என்ற பட்டியல் கேளுங்கள். செஸ்னாவில் இருக்கை நகரும் தண்டவாளம் ஓர் உதாரணம். அதிலுள்ள ஓட்டை தேய்ந்தால் மேலே ஏறும்போது இருக்கை பின்னால் வழுக்கிவிடும். பைலட் பிடித்திருக்கும் ஸ்டியரிங்கோடு பின்னால் போவார், மூக்கு வானத்தைப் பார்க்கும். உயிர்கள் போயிருக்கின்றன. விமானத்தின் பழைய பதிவுகளின் நகலை ஒக்லஹோமா சிட்டியிலுள்ள எஃப்ஏஏ பதிவகத்தில் சில டாலருக்கு வாங்கலாம். அதில் வரும் 337 படிவங்களைப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பெரிய ரிப்பேர் எதையாவது புத்தகம் சொல்லாமல் விட்டிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

எஞ்சின் ஆயுசு 1,800 மணி, ஓடினது 600தான்னு போட்டிருக்கு. அப்ப இன்னும் 1,200 மணி இருக்குல்ல?

அந்த 600 மணி எத்தனை வருடத்தில் ஓடியது என்று பாருங்கள். செஸ்னா 150-இல் உள்ள கான்டினென்டல் ஓ-200 எஞ்சினுக்குத் தயாரிப்பாளர் சொல்வது 1,800 மணி அல்லது 12 வருடம், எது முந்துகிறதோ அது. தனியார் உபயோகத்துக்கு அது கட்டாயமில்லை, பரிந்துரைதான். அதற்காக 1991-இல் ஓவர்ஹால் செய்த, அதாவது முழுதாகப் பிரித்துப் புதுப்பித்த, எஞ்சினை இளசு என்று சொல்ல முடியாது. வாரம் ஒரு முறை பறந்து 1,500 மணி ஓடிய எஞ்சினை நான் அதைவிட நம்புவேன். பறக்காமல் நின்றால் துரு ஏறும் என்று முந்திய பதிலில் சொன்ன காரணம்தான்.

சிலிண்டர் காற்றைக் கசியவிடாமல் எவ்வளவு பிடித்துவைக்கிறது என்று காட்டும் கம்ப்ரஷன் எண்களை 80-க்கு எவ்வளவு என்று எழுதுவார்கள். நான்கு சிலிண்டரும் 70-க்கு மேலே ஒன்றுபோல இருந்தால் நிம்மதி. மூன்று 74, ஒன்று 58 என்றால் அந்தச் சிலிண்டருக்குள் குட்டிக் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஓவர்ஹால் செலவு இப்போது செஸ்னா 150 வாங்கின விலையையே நெருங்குகிறது.

வாங்கறதுக்கு முன்னாடி செக் பண்ண மெக்கானிக் 800 டாலர் கேக்கறார். விக்கறவரோட மெக்கானிக்கே பார்த்துட்டாராம். போதாதா?

போதாது. அவர் வருடா வருடம் கையெழுத்துப் போட்டவர். தன் கையெழுத்தைத் தானே தப்பு என்று எப்படிச் சொல்வார்? அந்த விமானத்தை இதுவரை தொட்டிராத, அந்த ரகம் தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

எங்களுக்கு முதலில் பிடித்தது வேறொரு செஸ்னா. புது பெயின்ட், புது சீட். எங்கள் மெக்கானிக் வால்பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு, ஒன்றும் பேசாமல் டார்ச்சை என் கையில் கொடுத்தார். உள்ளே காய்ந்த புல், எலிப்புழுக்கை. அதை ஒதுக்கினால் அலுமினியத்தின் மேல் உப்புப் பூத்ததுபோல் வெள்ளைப் பொடி. நகத்தால் சுரண்டினால் தகடு அடுக்கடுக்காக உரிந்தது. எலி மூத்திரம் அலுமினியத்தைத் தின்றுவிடும். அங்கே செலவழித்த 700 டாலர், இந்த விஷயத்தில் நான் கொடுத்த பணத்திலேயே உருப்படியானது.

சாம்ப், எர்கூப் மாதிரி 1940-கள் விமானம் இன்னும் சீப்பா இருக்கே, அதை வாங்கினா?

ஆசையாகத்தான் இருக்கும். சாம்பில் 65 குதிரைத்திறன் எஞ்சின். பாட்டரி, ஸ்டார்ட்டர் எதுவும் கிடையாது, விசிறியைக் கையால் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். கற்றுக்கொடுக்காமல் யாரும் தொடக் கூடாத வேலை அது. மின்சாரமே இல்லாததால் விமானம் இருக்கும் இடத்தை ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவிக்கு 2020 முதல் வந்த கட்டாயத்திலிருந்து பெரும்பாலும் விலக்கு. வால்சக்கர விமானம் என்பதால் தனிப் பயிற்சியும் இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்தும் வேண்டும், இன்ஷூரன்ஸும் முதல் வருடம் கடிக்கும். உடல் முழுதும் துணி. துணி எப்போது மாற்றினார்கள், வெயிலில் நின்றதா ஹேங்கரில் நின்றதா, துணிக்குள் இருக்கும் இரும்புக் குழாயும் இறக்கையைத் தாங்கும் மரத் தண்டும் (ஸ்பார்) எப்படி என்பதுதான் கேள்வி. துணி மாற்றுவது மாதக்கணக்கில் இழுக்கும் வேலை.

எர்கூப் வேறு ஜாதி. கால் பெடல் இல்லாமல், ஸ்டியரிங்கை மட்டும் திருப்பி ஓட்டும்படி ஃப்ரெட் வீக் என்ற பொறியாளர் வடிவமைத்தது. 1945-இல் மேசீஸ் என்ற டிபார்ட்மென்ட் ஸ்டோரில் வைத்தே விற்றார்கள்! உடல் உலோகம், மூக்கில் சக்கரம். புதியவர்களுக்குச் சாம்பைவிடச் சுலபம்.

ரெண்டு எஞ்சின் பைப்பர் அப்பாச்சி, ஒத்தை எஞ்சின் விலைக்கே கிடைக்குது. டபுள் லாபம்தானே?

இரண்டு ஓவர்ஹால், இரண்டு விசிறி, இரண்டு மடங்கு பெட்ரோல், மடங்கும் சக்கரம். வேண்டாம்.

வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்? மறைக்காம சொல்லுங்க.

எங்கள் செஸ்னா வெட்டவெளியில் கட்டிப்போட மாதம் 90 டாலர். இன்ஷூரன்ஸ் வருடம் 900. பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனை, சின்னச் சின்ன வேலையோடு 1,500. தரையைவிட்டு எழும்பாமலே 3,480 டாலர், மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 1,160. பறந்தால் மணிக்கு ஆறு காலன் பெட்ரோல். எதிர்கால ஓவர்ஹாலுக்கு மணிக்கு 15 டாலர் உண்டியலில் போடுகிறோம். நகரத்தை ஒட்டி ஹேங்கர் வேண்டும் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. காத்திருப்போர் பட்டியலே வருடக்கணக்கில் நீளும். இந்த எஞ்சினில் கார் பெட்ரோல் ஊற்ற அனுமதிச் சான்று வாங்க முடியும், ஆனால் எத்தனால் கலக்காததாக இருக்க வேண்டும்.

காருக்குச் செலவு இதில் ஒரு துளி. சாதாரண இன்ஷூரன்ஸ் மட்டும் எடுக்காதீர்கள். விபத்தானால் "45 வருடப் பழைய வண்டி" என்று தேய்மானம் கழித்துச் சொற்பம் கொடுப்பார்கள். முன்கூட்டியே இருவரும் ஒப்புக்கொண்ட மதிப்பை அப்படியே தரும் கிளாசிக் பாலிசி எடுங்கள். தினசரி ஓட்ட வேறு வண்டி இருக்க வேண்டும், இதைக் கராஜில் வைக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள். பிரீமியம் ஆச்சரியப்படும்படி குறைவு.

நாளைக்கே ஒரு வண்டி பார்க்கப் போறேன். கையில என்ன எடுத்துட்டுப் போகணும்?

டார்ச், காந்தம், அடியில் படுத்துப் பார்க்க ஒரு பழைய பாய், கூட ஒரு ஆள். செக் புக் வீட்டிலேயே இருக்கட்டும். முந்தின நாளே போன் செய்து "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் புகையையும் சத்தத்தையும் மறைக்காமல் காட்டும். போய் இறங்கியதும் கை குலுக்கிவிட்டு, பேச்சோடு பேச்சாக பானட் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் பக்கத்தில் எங்காவது காபி குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வருகிறேன் என்று கிளம்புங்கள். விமானத்துக்கும் இதேதான், எஞ்சின் மூடியைத் தொட்டுப் பாருங்கள்.